பக்கத்துல உட்கார்ந்தாத்தான் படிக்கான்

பெற்றோர் கூடும் இடங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்: "பக்கத்துல உட்கார்ந்தாத்தான் டீச்சர் படிக்கான். நான் எந்திச்சுப் போயிட்டா புத்தகத்தை மூடிருதான்." சொல்கிறவர் குரலில் அலுப்பு இருக்கும். கூடவே கொஞ்சம் பெருமையும் இருக்கும். அந்தப் பெருமைக்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அம்மாக்கள் பீடி சுற்றுகிறவர்கள். காலையில் இருந்து சுளகை மடியில் வைத்துக் குனிந்திருந்துவிட்டு, சாயங்காலம் கடைக்குப் போய்க் கணக்குக் கொடுத்துவிட்டு வந்து, சோறும் பொங்கி, அதற்கும் பிறகு பிள்ளை பக்கத்தில் உட்காருகிறார்கள். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அரசு தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்ததை, மாலை வேளையில் ஒன்றரை மணி நேரம் போல உட்கார வைத்து ஈடுகட்டுவது அதன் நோக்கம். எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஒரு வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. அங்கே முதல் வாரத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. சில பிள்ளைகள் வந்ததும் பையைத் திறந்து எதையோ எழுத ஆரம்பித்துவிடுவார்கள். சிலர் பையைத் திறந்து, நோட்டை எடுத்து, பென்சிலைச் சீவி, அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். "என்ன செய்ய டீச்சர்?" என்ன செய்யவேண்டும் என்பது டைரியில் அவர்கள் கையாலேயே எழுதியிருக்கும். ஆனாலும் ஒருவர் சொல்லவேண்டும். இப்படிக் காத்திருந்த பிள்ளைகளில் நல்ல மார்க் எடுப்பவர்களும் இருந்தார்கள். மார்க்கை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எட்டாவது ஒன்பதாவதில் பாடம் கனக்கும்போதுதான் தெரியவரும்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மேன், தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் என்னதான் செய்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் படிப்பை மூன்று கட்டமாகப் பிரித்தார். உட்காரும் முன், இன்றைக்கு எது, எவ்வளவு, எதிலிருந்து தொடங்குவது என்று தீர்மானிப்பது. படிக்கும்போது, புரிகிறதா, எங்கே சிக்குகிறது என்று தன்னையே கவனிப்பது. முடித்த பின், சரியாக வந்ததா, அடுத்த முறை எதை மாற்றுவது என்று பார்ப்பது. நாம் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? "முதல்ல கணக்கை எடு" என்று தொடங்கி வைப்பது நாம். "இங்க பாரு, தப்பு" என்று கண்டுபிடிப்பது நாம். "சரி, முடிஞ்சுது, மூடு" என்று தீர்ப்பு சொல்வதும் நாம். எழுதுகிற கை மட்டும்தான் பிள்ளையுடையது. தலைக்கான வேலை முழுவதையும் நாம் செய்துவிட்டு, "இவனுக்குத் தானாப் படிக்கவே தெரியல" என்கிறோம்.

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. போன மாதம் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். 1435-ஐ 7-ஆல் வகுக்கவேண்டும். விடை 25 என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள். பார்த்தவுடன் தெரிந்தது. 14-இல் 7 இரண்டு முறை, மீதி இல்லை. 3-ஐக் கீழே இறக்கியிருக்கிறாள். 3-இல் 7 போகாது. அந்த இடத்தில் மேலே ஒரு சைபர் போடவேண்டும். அவள் போடாமல் 5-ஐயும் சேர்த்து இறக்கி, 35-இல் 7 ஐந்து முறை என்று முடித்துவிட்டாள். "நடுவுல சைபர் போடு" என்று சொல்ல மூன்று விநாடி போதும். அப்படிச் சொன்னால் இந்தக் கணக்கு சரியாகும், அடுத்த கணக்குக்கும் நானே வரவேண்டும்.

"25-ஐ ஏழால பெருக்கிப் பாரேன்" என்றேன்.

பெருக்கினாள். 175. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். "ஆயிரம் எங்கம்மா போச்சு?" என்றாள். எனக்கு அந்தக் கேள்வி போதும். விடை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று அவளாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். "1400-இல் ஏழு எத்தனை தடவை?" என்று கேட்டேன். "இருநூறு... அப்ப விடை இருநூத்திச் சொச்சம் வரணும்." பிறகு ஒவ்வொரு படியாகத் தானே திரும்பப் போய், 3-ஐ இறக்கிய இடத்தில் நின்றாள். சைபரைப் போட்டாள். 205. மறுபடி பெருக்கிப் பார்த்தாள், நான் சொல்லாமலேயே. வகுத்தலைப் பெருக்கிச் சரிபார்ப்பது பள்ளியில் சொல்லித் தருகிற விஷயம்தான். ஆனால் தப்பு இருக்கிறதா என்று தேடுவது தன் வேலை என்று பிள்ளைக்குத் தோன்றவேண்டுமே, அதற்கு நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும்.

வாயை மூடிக்கொண்டு இருப்பது லேசான காரியம் இல்லை. பிள்ளை திணறுவதைப் பார்க்க நமக்குப் பொறுக்காது, நேரமும் இருக்காது. ஜூலியா லியோனார்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகள் கடினமான புதிர் ஒன்றில் மல்லுக்கட்டும்போது, பெரியவர் குறுக்கே வந்து தானே முடித்துக் கொடுத்தால் அடுத்த கடினமான வேலையில் பிள்ளை எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று பார்த்தார்கள். முடித்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் சீக்கிரமே கைவிட்டார்கள். அதே லியோனார்ட் 2017-இல் பதினைந்து மாதக் குழந்தைகளை வைத்து இன்னொரு சோதனை செய்திருந்தார். பெரியவர் ஒருவர் டப்பாவிலிருந்து ஒரு பொம்மையை எடுக்கப் பாடுபட்டு, பலமுறை முயன்று, கடைசியில் எடுப்பதைக் குழந்தை பார்க்கிறது. பிறகு குழந்தையின் கையில் வேறு ஒரு பொம்மையைக் கொடுக்கிறார்கள், அதிலுள்ள பொத்தான் வேலை செய்யாது. பெரியவர் பாடுபட்டதைப் பார்த்த குழந்தைகள், அவர் சுலபமாக எடுத்ததைப் பார்த்த குழந்தைகளைவிட அதிக தடவை அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். பேச்சே சரியாக வராத வயது. நாம் திணறுவதைப் பிள்ளைகள் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குப் புரியவைத்தது இந்த ஆய்வுதான். மின் கட்டணத்தைப் போனில் கட்டத் தெரியாமல் முழிக்கும்போது, "இரு, இன்னொரு தடவை பாக்கேன்" என்று பிள்ளை காதில் விழும்படியே சொல்லலாம்.

அதற்காக ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போய்விட முடியாது. 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு 21 மரத்துண்டுகளைப் பொருத்தி ஒரு பிரமிடு கட்டச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கவனித்து எழுதினார்கள். பிள்ளை மாட்டிக்கொள்ளும்போது சொல்லித்தருகிறவர் ஒரு படி உள்ளே வரவேண்டும், பிள்ளை நகர ஆரம்பித்ததும் ஒரு படி வெளியே போகவேண்டும். இதை நான் எளிமையாக இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன்: உதவி கேட்டால் முதலில் "எந்த இடத்துல நிக்குது?" என்று கேட்பது. அதற்குப் பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. பதில் "எல்லாமே தெரியல" என்றால், கேள்வியை எனக்கு வாசித்துக் காட்டச் சொல்வது. வாசிக்கும்போதே பல பிள்ளைகளுக்கு வழி தெரிந்துவிடுகிறது. அதுவும் இல்லையென்றால் இதே மாதிரியான சின்னக் கணக்கு ஒன்றை நான் போட்டுக் காட்டுவது. அவர்களுடைய கணக்கில் கை வைப்பதில்லை.

இந்த இடத்தில் படிக்காத அம்மாக்களைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். "நமக்கென்னக்கா தெரியும், அவன் இங்கிலீஷ் மீடியம்" என்று ஒதுங்குகிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். பாடம் தெரியாத அம்மாவுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அவளால் விடையைச் சொல்லிக்கொடுத்துக் கெடுக்க முடியாது. திண்ணைக்கு வந்த ஒரு பையனின் அம்மா, இலையை நறுக்கிக்கொண்டே மகனை எதிரில் உட்காரவைத்து, "இன்னைக்கு என்னலே சொல்லிக் குடுத்தாவ? எனக்குப் புரியுத மாதிரி சொல்லு" என்பார். அவன் ஒளிச்சேர்க்கையைப் பற்றிச் சொல்வான். "இலை எப்படிலே சோறு பொங்கும்?" என்று அவர் உண்மையாகவே கேட்பார். பதில் தெரியாமல் அவன் எழுந்துபோய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருவான். காசு கொடுத்து அனுப்பும் டியூஷனில்கூட இவ்வளவு நல்ல கேள்வி வருவதில்லை.

நம் வீடுகளில் இருந்த "புத்தகத்தை மூடிட்டுச் சொல்லு" என்ற பழக்கமும் வலுவானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 42 சதவீதமும், பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதமும் நினைவிருந்தது. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது தெரிந்த மாதிரியே இருக்கும். அந்த மயக்கத்தில்தான் பிள்ளைகள் "படிச்சிட்டேன்" என்கிறார்கள், பொய் சொல்வதில்லை. மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்க்கும்போதுதான் தனக்கு எது வரவில்லை என்று அவர்களுக்கே தெரிகிறது. சிம்மர்மேன் சொன்ன மூன்றாவது கட்டம் அங்கே தானாக நடந்துவிடுகிறது. ஆனால் கமா கூட மாறாமல் ஒப்பிக்கச் சொல்வது வேறு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொந்த வார்த்தையில் சொன்னால் போதும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில் வீடுகளில் பெரும்பாலான சண்டை இங்கேதான்.

"வீட்டுப்பாடத்தை முடிச்சிட்டா விளையாடப் போலாம்" என்கிறோம். பிள்ளை விறுவிறுவென்று முடித்துக் கொண்டுவந்து காட்டுகிறது. மணி ஆறுதான் ஆகிறது. நமக்கு மனசு கேட்காது. "அதுக்குள்ள முடிச்சிட்டியா? அப்ப அந்த இங்கிலீஷ் கேள்வியையும் எழுதிரு." இது எத்தனை வீட்டில் நடக்கிறது! நாளடைவில் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலை வரும். பிறகு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் எடுக்கும். ரப்பரால் அழிக்கும், பென்சிலைச் சீவும், தண்ணீர் குடிக்கப் போகும். "கவனமே இல்லை" என்று நாம் கவலைப்படுகிறோம். அந்தப் பிள்ளை நிலைமையைச் சரியாகக் கணக்குப் போட்டு நடந்துகொள்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷெல் 1960-களின் கடைசியில் தொடங்கியது. ஒரு மிட்டாயைப் பிள்ளை முன்னால் வைத்து, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்பது. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. 2018-இல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கு மேற்பட்ட பிள்ளைகளின் தரவை எடுத்துப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு முன்பு சொன்னதில் பாதி அளவுதான் இருந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் பெரும்பகுதி காணாமலே போனது. எனக்கு இதைவிடவும் முக்கியமாகப்படுவது செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்தது. 28 பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. மிட்டாய்க்கு முன்னால், படம் வரைய இன்னும் நல்ல கிரேயான் கொண்டுவருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, மன்னிச்சுக்கோ, இல்லை என்றார்கள். ஸ்டிக்கரிலும் இதையே செய்தார்கள். பிறகு மிட்டாய் வைத்தபோது, சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம்.

ஒரே வயதுப் பிள்ளைகள், ஒரே அறை, ஒரே மிட்டாய். பெரியவர் வாக்கு ஒன்றுதான் வித்தியாசம். இதைப் படித்த பிறகு, பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது, அந்த வீட்டில் சொன்ன சொல்லுக்கு என்ன மரியாதை என்ற கேள்விதான். "நாளைக்கு வாங்கித் தாரேன்" என்றால் நாளைக்கு வாங்கிக் கொடுக்கவேண்டும், முடியாது என்றால் இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடவேண்டும். முடித்தால் விளையாடலாம் என்றால், மணி ஐந்தேகால் ஆனாலும் விளையாடலாம்.

மிஷெலின் சோதனைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. நீண்ட நேரம் காத்திருந்த பிள்ளைகள் மிட்டாயையே பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனிடம் இதைச் சொன்னபோது அவனுக்குப் பிடித்துப்போனது. படிக்க உட்காரும்போது போனைப் பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் மேல் வைப்பது அவன் எடுத்த முடிவு. நான் பிடுங்கி வைத்தால் அவன் மூளை போனை எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும். அவன் வைத்தால் அவன் பொறுப்பு. சில நாள் எழுந்துபோய் எடுத்துவிடுகிறான். மறுபடி வைக்கிறான். பிள்ளை படிக்கும் நேரத்தில் வீட்டில் டிவி ஓடக்கூடாது என்பது மட்டும் நான் போட்ட சட்டம். ஒற்றை அறை வீட்டில் சீரியல் ஓடும்போது கவனமாகப் படி என்று பிள்ளையிடம் கேட்பது நியாயமே இல்லை.

பாராட்டைப் பற்றியும் கொஞ்சம். 1998-இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு பலருக்குத் தெரிந்ததுதான். புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றும் ஒரு வாக்கியம் சொன்னார்கள். கெட்டிக்காரன் என்று கேட்ட பிள்ளைகள் அடுத்துச் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார்கள், கடினமான புதிரில் தோற்றபின் சுலபமானதிலும் சறுக்கினார்கள். முகம் தெரியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் கூட்டி எழுதினார்கள். ரேங்க் கார்டை ஒளித்து வைக்கிற, அப்பா கையெழுத்தைத் தானே போடுகிற பிள்ளையை அடிப்பதற்கு முன்னால் இந்த ஒன்றை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இதை மந்திரமாக்கிவிடக்கூடாது. எதைச் செய்தாலும் "நல்ல முயற்சி" என்று முதுகில் தட்டுவது பயன் தராது, டுவெக்கே இதைப் பிறகு வற்புறுத்திச் சொன்னார். 2019-இல் டேவிட் யீகர் குழுவினர் அமெரிக்கா முழுவதும் ஏறக்குறைய 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் உழைத்தால் அறிவு வளரும் என்ற மனப்பான்மையை வளர்க்கும் ஒரு குறும்பயிற்சியைச் சோதித்தபோது, பின்தங்கிய மாணவர்களுக்குக் கிடைத்த பலன், ஏறத்தாழ நான்குக்குப் போடும் சராசரி மதிப்பெண்ணில் 0.1 புள்ளி அளவு. பலன் உண்டு, சின்னது. தப்பான வழியில் பத்து முறை உழைத்த பிள்ளையிடம் பதினோராவது முறை உழை என்று சொல்வது எனக்குக் கொடுமையாகப்படுகிறது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வேறு வழி. "எப்படிப் படிச்சே?" என்று கேட்டு, "எழுதிப் பாத்தியா?", "வரலன்னா யார்ட்ட கேட்ட?" என்று அடுத்த கேள்விக்குப் போகவேண்டும். நான் பாராட்டுவதும் அப்படித்தான்: "பெருக்கிப் பாத்து நீயே கண்டுபிடிச்சேல்லா" என்று நடந்ததைச் சொல்வேன்.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் இருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. சுவரில் கற்றல் ஏணி தொங்கும். பிள்ளை ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து, அதற்குரிய சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு, ஆசிரியரோடு உட்காரும் குழுவா, தனியாகச் செய்யும் குழுவா என்று பார்த்துப் போய் உட்காரும். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அந்த முறையில் குறைகள் இருந்தன. ஆசிரியர்களுக்கு அட்டைச் சுமை, பெற்றோருக்கு "பாடமே நடத்தல, பிள்ளைங்க தரையில உருளுது" என்ற கோபம். இருந்தும், அடுத்து என்ன செய்யவேண்டும் என்று யாரையும் கேட்காமல் எழுந்துபோய் எடுக்கும் ஏழு வயதுப் பிள்ளையை நான் பார்த்தது அந்த வகுப்பறைகளில்தான். அதை நாம் போதிய அளவு மதிக்கவில்லை என்பது என் வருத்தம்.

இப்போது நேர்மாறாக ஒன்று நடக்கிறது. நாலாவது படிக்கும் பிள்ளைக்கு "தெர்மாகோலில் சூரியக் குடும்பம் செய்து வா" என்று ப்ராஜெக்ட் கொடுக்கிறார்கள். ஞாயிறு ராத்திரி அப்பா கட்டர் பிளேடால் வெட்டுகிறார், அம்மா பெயின்ட் அடிக்கிறார், பெயர்களை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து ஒட்டுகிறார்கள். பிள்ளை தூங்கிப்போகிறது. காலையில் பளபளவென்று அது பள்ளிக்குப் போகிறது, கண்காட்சியில் வைக்கிறார்கள். பிள்ளை கோணல்மாணலாகக் களிமண்ணில் உருட்டிக் கொண்டுபோன பூமி மூலையில் கிடக்கிறது. வீட்டில் நாம் எவ்வளவு பின்வாங்கினாலும், பெற்றோர் செய்த வேலைக்குப் பள்ளியில் பரிசு கிடைக்கும்வரை மற்றப் பெற்றோரும் செய்துதான் கொடுப்பார்கள். ஆகையால் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சில அம்மாக்கள் சேர்ந்து ஒன்று கேட்டிருக்கிறோம். ப்ராஜெக்டைப் பள்ளியிலேயே, வகுப்பு நேரத்திலேயே, பிள்ளைகள் கையால் செய்ய வையுங்கள். வேண்டிய அட்டை, பசை, களிமண் எல்லாம் நாங்கள் வாங்கித் தருகிறோம். தலைமை ஆசிரியை யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அரையாண்டு விடுமுறைக்கு முன் அடுத்த கூட்டம், அதில் மறுபடி கேட்போம்.